சட்டைப்பைக் கடிதமும் பரண் பெட்டிக் கடிதங்களும்

ஓடு மாற்றுவதற்காகப் போன மாசியில் செங்கோட்டை வீட்டுப் பரணை ஒழித்தோம். பழைய அண்டா, உடைந்த தொட்டில் கம்பு, எலி கடித்த பஞ்சாங்கங்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு தகரப்பெட்டி. உள்ளே துணியில் சுற்றி 43 கடிதங்கள். பெரும்பாலும் கார்டுகள். பாதிக்கு மேல் என் பூட்டனார் எழுதியவை. அவர் புனலூரில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதியவர்.

சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஏடே, நீ எழுதுத ஆளுல்லா. இத வச்சு நம்ம குடும்ப வரலாறு ஒண்ணு எழுதிப் போடு. அவிய வாஞ்சி கூட இருந்தவோன்னு அதுல கட்டாயம் வரணும், பாத்துக்க" என்றார்.

எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிற கதை இது. வாஞ்சி புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தார். பூட்டனார் புனலூரில் மரக்கடையில் இருந்தார். காட்டிலாகாவுக்கும் மரக்கடைக்கும் போக்குவரத்து இல்லாமலா இருக்கும்? ஆகவே இரண்டு பேரும் பழக்கம். ஆகவே பூட்டனாரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். இரண்டு 'ஆகவே'யில் கதை முடிந்துவிடும்.

இந்தக் குறிப்பு அந்தக் கதையைப் பற்றியது மட்டுமில்லை. செங்கோட்டைக்காரர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கடிதம் இருக்கிறது. 1911 ஜூன் 17 காலை மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதம். அதை நாம் எப்படி வாசித்து வந்திருக்கிறோம் என்பதற்கும், வீட்டுப் பெட்டிக் கடிதங்களை எப்படி வாசிக்கிறோம் என்பதற்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டிலும் ஒரே தப்பைத்தான் செய்கிறோம்.

கடிதத்தில் இருப்பதும் இல்லாததும்

வாஞ்சியின் கடிதம் சின்னது, ஒரு பக்கத்துக்கு மேல் வராது. பல புத்தகங்களில் முழுசாக அச்சாகியிருக்கிறது. அதன் சாரம் இது: ஆங்கில மிலேச்சர்கள் நாட்டைப் பிடித்துக்கொண்டு சனாதன தர்மத்தை மிதிக்கிறார்கள். ராமன், கிருஷ்ணன், அர்ச்சுனன், சிவாஜி, குரு கோவிந்தர் முதலானோர் ஆண்ட நாட்டில், பசு மாமிசம் தின்னும் ஒருவனுக்கு முடிசூட்டப் பார்க்கிறார்கள். அவன் இங்கே வந்து இறங்கியதும் கொல்வதற்கு 3000 சென்னை மாகாணத்தார் சபதம் செய்திருக்கிறார்கள். அதைத் தெரிவிக்கவே அவர்களில் கடையனான நான் இன்று இதைச் செய்தேன். கீழே கையெழுத்து, ஊர்ப் பெயர் செங்கோட்டை.

லண்டனில் ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழா அதே ஜூன் 22. சுட்டது ஐந்து நாள் முன்னால். கடிதத்தின் அவசரத்துக்குக் காரணம் இந்த நாள்கணக்குதான்.

இந்தக் கடிதத்தில் இல்லாதவற்றைப் பாருங்கள். ஆஷின் பெயர் இல்லை. வ.உ.சி. பெயர் இல்லை. சுதேசிக் கப்பல் இல்லை. 1908 திருநெல்வேலி எழுச்சியும், அதில் நடந்த துப்பாக்கிச் சூடும் இல்லை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்தது 'வ.உ.சி.யைச் சிறையில் தள்ளிய ஆஷைப் பழிவாங்க வாஞ்சி சுட்டார்' என்பது. அந்தக் காரணம் பொய் என்று நான் சொல்லவில்லை. 1908-இல் தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்து சுதேசிக் கப்பல் கம்பெனியை ஒடுக்கியதில் ஆஷுக்குப் பெரிய பங்கு உண்டு. அவரைக் குறியாக்கியதற்கு அதுவே காரணம் என்று கொள்ள நியாயம் இருக்கிறது. ஆனால் அது வேறு ஆவணங்களிலிருந்து வருகிற முடிவு. கடிதத்திலிருந்து வருவதல்ல. கடிதத்தைக் காட்டிக்கொண்டே கடிதத்தில் இல்லாததைச் சொல்வது நம் வழக்கமாகிவிட்டது.

எதிர்த்தரப்பும் இதையே செய்கிறது. ஒரு கதை பரவலாக இருக்கிறது. பிரசவ வலியில் துடித்த ஒரு தலித் பெண்ணை ஆஷ் தன் வண்டியில் ஏற்றி அக்கிரகாரத் தெரு வழியாகக் கொண்டு போனார், அந்தக் கோபத்தில்தான் வாஞ்சி சுட்டார் என்பது. ஒரு வடிவத்தில் அந்தத் தெரு செங்கோட்டையிலேயே இருக்கும். கடிதத்தில் இதற்கும் ஒரு சொல் ஆதாரம் கிடையாது. அதோடு, 1911-இல் செங்கோட்டை பிரிட்டிஷ் திருநெல்வேலி ஜில்லாவில் இல்லை. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. திருநெல்வேலி கலெக்டருக்குத் தென்காசி, குற்றாலம் வரை அதிகாரம். செங்கோட்டைத் தெருவில் அவர் சொல் செல்லாது.

ஆனால் இங்கே ஒரு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. சம்பவம் நடந்ததற்குச் சான்று இல்லை என்பதால், அந்தத் தெரு எல்லாருக்கும் திறந்து கிடந்தது என்று ஆகிவிடாது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய வீதியில் நடப்பதற்காகவே 1924-25-இல் சத்தியாகிரகம் நடந்தது. கோயில் கதவு திறக்க 1936 நவம்பர் ஆகிவிட்டது. எங்கள் ஊரும் அந்த சமஸ்தானம்தான். ஒரு கதை சம்பவமாகப் பொய்யாக இருந்துகொண்டே, தெருவைப் பற்றி உண்மையைச் சொல்லலாம். கதையை மறுப்பவர்கள் பல பேர் இந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் நழுவிவிடுகிறார்கள்.

'பஞ்சமன்' என்ற சொல்

கடிதத்தில் ஜார்ஜைக் குறிக்க வருகிற 'பஞ்சமன்' என்ற சொல்லைச் சுற்றி ஒரு பெரிய சண்டையே நடக்கிறது. ஐந்தாமவன் என்று ஒரு சாரார். இல்லை, தீண்டப்படாதார் என்ற பொருளில் ராஜாவையே சாதி சொல்லித் திட்டுகிறார் என்று இன்னொரு சாரார்.

சமஸ்கிருதத்தில் பஞ்சம என்றால் ஐந்தாவது. இந்தியில் இன்றைக்கும் ஜார்ஜ் பஞ்சம் என்றுதான் எழுதுகிறார்கள். ஆக அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் ஐந்தாமவன்தான். எழுதும்போது மற்றப் பொருளும் அவர் காதில் ஒலித்ததா என்று நம்மால் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒரு கேள்வி. இந்த ஒரு சொல்லில் ஏன் இவ்வளவு நேரம் செலவழிக்கிறோம்? 'மிலேச்சன்' என்பதில் சிலேடை ஏதும் இல்லையே. மாட்டிறைச்சி தின்பதை இழிவாகச் சொல்வதிலும் சிலேடை இல்லை. அந்தக் கடிதம் கேட்கிற சுதந்திரம் எந்த மொழியில் கேட்கப்படுகிறது என்பதற்கு 'பஞ்சமன்' தேவையே இல்லை. மற்ற வரிகளே போதும். வாஞ்சியைக் காப்பாற்றுகிறவர்கள் பஞ்சமனுக்கு அகராதி பார்த்துவிட்டு மற்ற வரிகளைத் தாண்டிப் போகிறார்கள். அவரைத் தாக்குகிறவர்கள், கண் முன்னால் இருக்கும் சான்றை விட்டுவிட்டு, நிரூபிக்க முடியாத ஒன்றைப் பிடித்துத் தொங்குகிறார்கள்.

அந்த 3000 என்ற எண்ணும் அப்படித்தான். வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றது நீலகண்ட பிரம்மச்சாரி முதலாக 14 பேர். 3000 கணக்கெடுப்பு அல்ல, மிரட்டுவதற்காகச் சொன்னது. அதை வைத்துப் பெரிய புரட்சிப்படை இருந்தது என்று எழுதுகிறவர்களும் உண்டு. கடிதம் சொன்னால் எல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்வது ஒரு வகைத் தப்பு. கடிதம் சொல்லாததைச் சொன்னதாக எடுத்துக்கொள்வது இன்னொரு வகை.

சலபதியின் கட்டுரை

இந்த விஷயத்தில் எனக்கு உருப்படியான வழி காட்டியது ஆ. இரா. வேங்கடாசலபதியின் எழுத்து. ஆஷைத் தேடிப் போனது பற்றி அவர் எழுதிய ஆங்கிலக் கட்டுரை 2010-இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வந்தது. பிறகு தமிழில் 'ஆஷ் அடிச்சுவட்டில்' என்று புத்தகமே வந்துவிட்டது. அவர் செய்தது எளிமையான காரியம், ஆனால் நூறு வருஷமாக இங்கே யாரும் செய்யாதது. சுடப்பட்டவர் யார் என்று கேட்டார். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்து ஐ.சி.எஸ். ஆகி வந்த அந்த அயர்லாந்துக்காரரின் குடும்பத்தைத் தேடிப் பிடித்தார். பேரனைச் சந்தித்தார்.

எங்களுக்கு ஆஷ் என்றால் ஒரு பெயர், ஒரு குண்டு, அவ்வளவுதான். பாளையங்கோட்டையில் கல்லறையும் தூத்துக்குடியில் நினைவுமண்டபமும் இருக்கின்றன; யார் போய்ப் பார்க்கிறோம்? அன்றைக்கு அவர் ரயிலில் மனைவியோடு கொடைக்கானலுக்குப் போய்க்கொண்டிருந்தார், பிள்ளைகளைப் பார்க்க. இது தெரிந்ததும் ஆஷ் நல்லவராகிவிடவில்லை. 1908 அப்படியேதான் இருக்கிறது. ஆனால் சுட்டவரைப் போலவே சுடப்பட்டவருக்கும் ஒரு வீடு இருந்தது என்று தெரிந்த பிறகு நாம் எழுதுகிற வாக்கியம் கொஞ்சம் நிதானப்படும். அந்த நிதானம்தான் சலபதியின் எழுத்தில் எனக்குப் பிடித்தது. அவர் யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை.

எனக்கு ஒரு குறையும் உண்டு. அதை அவர் மேல் போட முடியாது, ஆவணம் அப்படி. ஆளுகிற குடும்பத்துக்குக் காகிதம் தங்கும். பதவிக்கு ஒரு கோப்பு, பயணத்துக்கு ஒரு கோப்பு. தேடிப் போனால் நூறு வருஷம் கழித்தும் ஆள் கிடைக்கும். செங்கோட்டைப் பக்கம் அப்படி இல்லை. வாஞ்சி போன பிறகு அவர் மனைவி பொன்னம்மாள் என்ன நினைத்தார்? அவர் கைப்பட ஒரு வரியை நான் எங்கும் பார்த்ததில்லை. சுட்டவரின் கடிதத்தை நூறு தடவை அச்சிட்டிருக்கிறோம். அந்தக் கடிதத்தால் வாழ்க்கை மாறிப்போன பெண்ணுக்கு நம்மிடம் காகிதமே இல்லை. ஆகவே ஆஷ் குடும்பத்தின் துக்கம் நமக்கு இப்போது முகத்தோடு தெரிகிறது. செங்கோட்டை வீட்டின் துக்கம் தெரியவில்லை. வாசிக்கிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற துக்கம்தான் பெரிய துக்கம் என்று ஆகிவிடக் கூடாது.

எங்கள் பெட்டி

இனி எங்கள் 43 கடிதங்கள். வாசிக்க ஒரு மாதம் ஆனது. ௵, ௴, ௳ என்று வருஷம், மாதம், தேதிக்குப் பழைய குறிகள். தேதி எல்லாம் கொல்லம் ஆண்டில். கிறிஸ்து ஆண்டு வேண்டுமானால் 825 கூட்ட வேண்டும். ஆவணியிலிருந்து மார்கழி நடு வரைக்கும் 824.

தபாலே ஒரு பாடம். புனலூரும் செங்கோட்டையும் ஒரே சமஸ்தானம் என்பதால் அந்தக் கடிதங்களில் திருவிதாங்கூர் அஞ்சலின் சங்கு முத்திரை. விலை காசிலும் சக்கரத்திலும். பக்கத்திலேயே இருக்கிற தென்காசிக்கு எழுதிய கார்டில் ராஜா தலை போட்ட பிரிட்டிஷ் இந்திய முத்திரை. மலை தாண்டிப் புனலூர் போனால் உள்ளூர். ரெண்டு எட்டு வைத்துத் தென்காசி போனால் வெளியூர்! அந்த அஞ்சல் 1951-இல்தான் இந்தியத் தபாலோடு கலந்தது.

கடிதங்களில் என்ன இருக்கிறது? முதலில் இவ்விடம் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும். பிறகு மணியார்டர் வந்ததா. சாரலுக்கு முன்னால் மேற்குப் பக்கம் ஓடு பார்த்தாயிற்றா. பசு ஈன்றதா. மாவடு போட்டால் கொஞ்சம் ரயிலில் வருகிறவர் யாரிடமாவது கொடுத்து அனுப்பவும். செங்கோட்டைக்கும் புனலூருக்கும் மலை வழியாக ரயில் ஓட ஆரம்பித்தது 1904-இல். எங்கள் பெட்டியின் முதல் கடிதம் 1079 சித்திரை, அதாவது அதே 1904. 

ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்திலிருந்து எழுதிய கடிதங்களைப் படித்துப் பழகியவர்கள் இந்தக் கார்டுகளைப் பார்த்தால் ஏமாந்துதான் போவார்கள். அவை நாலு பேர் சேர்ந்து வாசித்து ரசிக்கட்டும் என்று எழுதியவை. இவற்றில் ரசிக்க ஒன்றும் இல்லை. பூட்டி எழுதியது ஒன்றுகூடக் கிடையாது. அவளுடைய தம்பி எழுதிய இரண்டு கார்டுகளில் மட்டும், கடைசியில் 'அக்காள் சொல்லச் சொல்ல எழுதியது' என்று போட்டு, நெல் விலையும் பிள்ளைக்கு மாந்தம் தெளிந்ததும் இருக்கின்றன.

வாஞ்சி? ஒரு இடத்திலும் இல்லை.

சித்தப்பா விடவில்லை. "1086 ஆனி, ஆடி ரெண்டு மாசத்துக்கும் ஒரு கடுதாசி கூட இல்லியே, பாத்தியா? வைகாசிக்கு அப்புறம் ஆவணிதான். சரியா வாஞ்சி சுட்ட மாசம். போலீஸ் வீடு வீடா பொறக்குன நேரம். எரிச்சுருப்பாவோ!"

1086 ஆனி என்றால் 1911 ஜூன்-ஜூலை. அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருப்பதுபோல்தான் முதலில் எனக்கும் தோன்றியது. உண்மையைச் சொன்னால், அப்படி இருக்கக் கூடாதா என்று ஆசையாகவும் இருந்தது. ஒரு தியாகி பரம்பரை யாருக்குத்தான் கசக்கும்.

பிறகு எல்லாக் கடிதங்களையும் மாதவாரியாகக் கட்டம் போட்டு எழுதினேன். 1082-இல் எட்டு மாதம் கடிதம் இல்லை. 1091-இல் வருஷம் முழுக்க ஒன்றும் இல்லை. அப்போதெல்லாம் எந்தக் கலெக்டரையும் யாரும் சுடவில்லை. ஆக, இடைவெளி என்பது இந்தப் பெட்டியில் சாதாரணம்.

அடுத்து, பெட்டியில் இன்னொன்றும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. 43 கடிதத்தில் ஒரு சாவுச் செய்தி கிடையாது. முப்பது வருஷக் கடிதங்களில் ஒரு சாவு கூடவா இல்லை? காரணம் நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மஞ்சள் தடவிய கடிதத்தை எடுத்து வைப்போம். துக்கக் கடிதத்தை வாசித்த உடனே கிழித்துப் போட்டுவிடுவோம், வீட்டுக்குள்ளேயே வைக்க மாட்டோம். எழுதுகிறவரே 'கண்டதும் கிழித்துவிடவும்' என்று போடுவதும் உண்டு. அதாவது நம் பரண் பெட்டிகள் எல்லாம் மங்கலத்தை மட்டும் சலித்து எடுத்து வைத்தவை. அவற்றை வைத்து முன்னோர் நிம்மதியாக வாழ்ந்தார்கள் என்று முடிவு கட்டுகிற குடும்ப வரலாறுகள் இந்தச் சல்லடையை மறந்துவிடுகின்றன.

அப்படியானால் சாவுகளை எங்கே தேடுவது? திவசத்தில். 1087 வைகாசிக் கார்டு ஒன்றில் பூட்டனார் எழுதுகிறார்: ஆனி மாதம் அம்மை தலைத்திவசத்துக்கு நாலு நாள் லீவு கேட்டிருக்கிறேன், ஐயருக்குச் சொல்லிவைக்கவும். இதை நான் முன்பே இரண்டு தடவை வாசித்திருந்தேன். மணியார்டர், மாவடு மாதிரி இதையும் தாண்டிப் போயிருந்தேன்.

1087 ஆனியில் தலைத்திவசம் என்றால் அவர் அம்மா போனது 1086 ஆனி. 1911 ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவுக்குள்.

அந்த இரண்டு மாதம் கடிதம் இல்லாததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். தகவல் சொன்ன கார்டைக் கிழித்திருப்பார்கள். அவர் ஊருக்கு வந்திருப்பார். வீட்டிலேயே இருக்கிறவர் யாருக்குக் கடிதம் எழுதுவார்? காரியம் எல்லாம் முடித்துத் திரும்பிப் போய் ஆவணியில் எழுதியிருக்கிறார். அந்த ஆவணிக் கடிதத்திலும் முதல் வரி இவ்விடம் க்ஷேமம்தான்.

வாஞ்சியோடு அவருக்குப் பழக்கமே இல்லை என்று இதனால் நிரூபணமாகிவிடாது. இருந்திருக்கலாம். ஆனால் நம்மிடம் இருக்கிற காகிதம் அதைச் சொல்லவில்லை. அது சொல்வது வேறு ஒன்றை. அதை நாங்கள் நாலு தலைமுறையாக மறந்துவிட்டு, அந்த இடத்தில் ஊருக்குத் தெரிந்த வீரக்கதை ஒன்றைத் தூக்கி வைத்திருக்கிறோம்.

பதில் கடிதம்

இன்னொரு கடிதம் பாக்கி. நூறு வருஷம் கடந்த பிறகு ஆஷின் பேரன் வாஞ்சியின் குடும்பத்துக்கு ஒரு நல்லிணக்கச் செய்தி அனுப்பினார். பத்திரிகைகளில் வந்தது. வாஞ்சியை லட்சியவாதியான அரசியல்காரர் என்றே சொல்கிறார். நாட்டை அந்நிய ஆதிக்கத்திலிருந்து விடுவிக்க அவருக்கிருந்த வேகம் எங்கள் குடும்பத்துக்கும் அவர் குடும்பத்துக்கும் பெரும் துயரத்தைக் கொண்டுவந்தது என்கிறார். இறந்தவர்களை வணங்குவோம், இனி ஒற்றுமையாகப் போவோம் என்கிறார்.

பெருந்தன்மை என்று இதைப் பாராட்டியவர்கள் உண்டு. ஆண்டவனின் பேரன் மன்னிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எரிச்சல்பட்டவர்களும் உண்டு. எரிச்சலுக்கு இடமிருக்கிறது, சமாதானச் செய்தியில் வ.உ.சி.யின் செக்கும் கப்பலும் வராது. ஆனால் எனக்குப் பட்டது வேறு. வாஞ்சியின் கடிதம் யாரையும் விளித்து எழுதப்பட்டதல்ல. தேசத்துக்கா, போலீசுக்கா, ராஜாவுக்கா? தெரியாது. வீட்டுக்கு மட்டும் இல்லை. பேரன் எழுதியதில் முகவரி இருக்கிறது: வாஞ்சியின் வீடு. அந்த வீட்டிலும் துயரம் வந்தது என்று அதில் எழுதியிருக்கிறது. ஊரில் சிலை வைத்தோம், மணியாச்சிக்கு வாஞ்சி மணியாச்சி என்று பெயர் வைத்தோம். அந்த வீட்டின் துயரத்தைப் பற்றி நாம் ஒரு வரி எழுதியிருக்கிறோமா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

சித்தப்பாவிடம் கட்டம் போட்ட தாளையும் தலைத்திவசக் கார்டையும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்போ அந்த அம்மை பேரு என்னடே?" என்றார்.

43 கடிதத்திலும் தேடியாயிற்று. அம்மை என்றுதான் இருக்கிறது. ஊரில் இன்னும் இரண்டு பெரியவர்களைக் கேட்க வேண்டும். பெயர் கிடைத்தால் இந்தக் குறிப்பிலேயே சேர்க்கிறேன்.